தலை உருண்டுபோன காலிப்பர் போல்ட்: ஒரு பேட் மாற்றம் ஒன்றரை நாள் ஆனது எப்படி

வண்டி பதினோரு வயது ஹேட்ச்பேக். நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் நிற்பது. முன் பிரேக் பேட் 2 மி.மீ. கனத்துக்குத் தேய்ந்திருந்தது. பேட் மாற்றுவது மட்டும்தான் திட்டம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மணி நேர வேலை. பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கிற கவ்விதான் காலிப்பர். இடது பக்கக் காலிப்பரின் மேல் போல்ட் இரண்டாவது இழுப்பிலேயே இளகியது. கீழ் போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆறு பட்டைகளில் நான்கு உருண்டிருந்தன. உருண்ட இடத்தின் மேலேயே பழந்துரு படிந்திருந்தது. அப்படியென்றால் முந்தைய பேட் மாற்றத்தின்போதே தலை பாதி போயிருக்கிறது.

போல்ட்டின் விவரம்: எம்8 (8 மி.மீ. தண்டு), மரை இடைவெளி 1.25 மி.மீ., தலை 12 மி.மீ. காலிப்பரின் காது வழியாகப் போய்க் கைடு பின்னுக்குள் திருகிக்கொள்கிறது. கைடு பின், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் துளைக்குள் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும்; பூட் ரப்பர் அதை மூடியிருக்கும். பின்னின் கழுத்தில் ஸ்பேனர் பிடிக்க எதிரெதிராக இரண்டு பட்டை வெட்டியிருப்பார்கள்; இந்த வண்டியில் அது 17 மி.மீ. இந்த அமைப்பு மனதில் பதிந்தால்தான் பின்னால் செய்ததெல்லாம் புரியும்.

மூன்று கோளாறுக்கு ஒரே பெயர்

"போல்ட் ஸ்லிப் ஆயிடுச்சு" என்று பட்டறையில் சொன்னால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தலையின் பட்டைகள் உருண்டு ஸ்பேனர் நிற்காமல் போவது ஒன்று. தலை நன்றாக இருந்து, எவ்வளவு சுற்றினாலும் போல்ட் வெளியே வராமல் நின்ற இடத்திலேயே சுற்றுவது இன்னொன்று. அங்கே போயிருப்பது மரை. தலையே முறிந்து தண்டு உள்ளே மாட்டிக்கொள்வது மூன்றாவது. வைத்தியம் மூன்றுக்கும் வேறு. மரை போனதென்றால் தலைக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாகக் கொடுத்து, வெளியே தள்ளிக்கொண்டே சுற்ற வேண்டும். மிச்சமிருக்கும் மரை பிடித்துக்கொண்டு ஏறி வரும். இங்கே நடந்தது முதல் வகை.

தலை உருண்ட போல்ட்டில் வேலை இரண்டு: இறுகிய மரையை இளக்க வேண்டும், அப்புறம் தலையைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் இரண்டாவதிலேயே குறியாக இருக்கிறார்கள். மரை இளகாமல் தலையை மட்டும் பலமாகப் பிடித்துத் திருகினால் தலை கையோடு வந்துவிடும், தண்டு உள்ளே நின்றுவிடும். 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தாலே கிட்டத்தட்ட 60 நியூட்டன் மீட்டர் ஆகிறது. துருவில் இளைத்த எம்8 போல்ட் அதைத் தாங்காது. ஆகவே இந்த அளவு போல்ட்டுக்குக் கைப்பிடியில் பைப் போட்டு நீட்டுவது கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

ஏன் உருண்டது

கடல் காற்று ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வண்டி கழுவுகிற தண்ணீர். இந்தக் கடற்கரைப் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வாரா வாரம் அதைப் பீய்ச்சிச் சக்கரத்தைக் கழுவினால் காலிப்பரின் காதுக்கும் போல்ட் தலைக்கும் நடுவே உள்ள மயிரிழைச் சந்தில் உப்பு தங்கிவிடுகிறது. அங்கிருந்து முதல் நான்கைந்து மரை துருவாகிறது. இரும்பு துருவானால், தான் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். மரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அது நிரப்பி ஆப்பு மாதிரி நெருக்கிக்கொள்ளும். உள் பகுதிகளில், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம், உப்புக்குப் பதில் வயல் சேறு. வாய்க்கால் கரை களிமண் காலிப்பரில் அப்பிக் காய்ந்தால் ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது ஸ்பேனர் அளவு. டெல்டாவில் எந்த வீட்டுக் கருவிப் பெட்டியைத் திறந்தாலும் டிராக்டர் ஸ்பேனர்கள் கலந்துதான் கிடக்கும். பழைய டிராக்டர்களில் அங்குல அளவு அதிகம். அரை அங்குல ஸ்பேனர் 12.7 மி.மீ.; அது 12 மி.மீ. தலையில் ஏறிவிடும், பிடித்த மாதிரியும் இருக்கும். அழுத்தியதும் பட்டையின் முகத்தில் படாமல் மூலையில் மட்டும் பட்டு மூலையைச் சீவிவிடும். 13 மி.மீ. ஸ்பேனரும் இதையேதான் செய்யும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் எம்8 போல்ட்டுக்குத் தலை 12, எம்10 போல்ட்டுக்கு 14. ஐரோப்பிய வடிவமைப்பில் எம்8 தலை 13, எம்10 தலை 16 அல்லது 17. ஹார்டுவேர் கடையில் கிடைத்த மாற்று போல்ட்டை யாராவது மாட்டியிருந்தால் ஒரே காலிப்பரில் மேலே 12, கீழே 13 என்றுகூட இருக்கும். ஒவ்வொரு தலையையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, வெர்னியரில் அளந்த பிறகே சாக்கெட்டை எடுக்க வேண்டும்.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் மூலைக்கு அருகில் பிடிப்பவை. நல்ல தலைக்குப் போதும், துருப்பிடித்த தலைக்குப் போதாது.

மூன்றாவது காரணம் திசை. திருவலஞ்சுழியைச் சொல்லிப் பழகிய நாட்டில் வலஞ்சுழி இறுகும், இடஞ்சுழி கழலும் என்பதை யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் காலிப்பர் போல்ட்டின் தலை வண்டியின் உட்பக்கம் பார்த்திருக்கிறது. வெளியே உட்கார்ந்து கையை உள்ளே விடுபவர் போல்ட்டை வால் பக்கத்திலிருந்து பார்க்கிறார். அவர் கண்ணுக்கு வலஞ்சுழியாகத் தெரிவதுதான் கழற்றும் திசை. இதில் தடுமாறி, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியே தலையை உருட்டிய வண்டிகள் நிறைய. ஸ்டியரிங்கை முழுதும் ஒரு பக்கம் திருப்பி, போல்ட் தலை கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. இடது சக்கரமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். சக்கரத்தின் பின்பகுதி வெளியே வரும்.

தரையும் ஜாக்கியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், விட்டுவிட முடியாது. மழை பெய்த களிமண் வாசலில் ஜாக்கியை நேராக வைத்தால் ஒரு பக்கம் இறங்கும். இரண்டு அங்குலக் கனத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி பலகையை அடியில் போட வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பது. வண்டியோடு வரும் ஜாக்கியை நம்பிக் கீழே கையை விடக்கூடாது. ஸ்டாண்டில் உட்கார வைத்து, கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் ஓர அடிக்கட்டைக்குக் கீழே படுக்கப் போட வேண்டும். தலை உருண்ட போல்ட்டோடு மல்லுக்கட்டும்போது வண்டி ஆடும். அதனால்தான் இந்தக் கூடுதல் எச்சரிக்கை.

மரையை இளக்கியது

முதலில் டிஸ்க்கையும் பேட்டையும் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டினோம். பேட்டில் எண்ணெய் பட்டால் அந்தப் பேட் வீண். போல்ட் தலையைச் சுற்றியிருந்த துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டி, தலைக்கும் காதுக்கும் நடுவே உள்ள கோடு தெரியும்வரை சுத்தம் செய்தோம். அந்தக் கோட்டில்தான் எண்ணெய் இறங்க வேண்டும். சுரண்டாமல் அடித்தால் எண்ணெய் துருவின் மேல் வழிந்து தரைக்குப் போய்விடும்.

டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஈரம் விரட்டவும் லேசான துருவுக்கும் நல்லது. இந்த மாதிரி நாள்பட்ட துருவுக்குத் துரு இளக்கி என்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் மேல். எதை அடித்தாலும் ஒருமுறை அடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திருகுவது பயனில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை, ஏழுக்கு ஒருமுறை, ஒன்பதுக்கு ஒருமுறை அடித்துவிட்டு இரவு முழுக்க விட்டோம். ஒவ்வொரு முறையும் 300 கிராம் சுத்தியலால் தலையின் நடுவில், அச்சுக்கு நேராக, பத்துப் பதினைந்து தட்டு. பலமாக அடிக்கத் தேவையில்லை. ஆணி அடிக்கிற அளவு போதும். அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய வெடிப்பு விழுகிறது, எண்ணெய் அதில் ஊறி இறங்குகிறது. மூன்றாம் முறை தட்டியபோது கோட்டின் ஓரத்தில் குங்குமப் பூச்சுப் போல ஒரு சிவப்பு வளையம் கசிந்து வந்தது. எண்ணெய் உள்ளே போய்த் துருவைக் கரைத்துக்கொண்டு திரும்பி வருகிறது என்பதற்கு அது அடையாளம்.

சூடு காட்டலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். தத்துவம் சரி. வீட்டுக் குத்துவிளக்கின் தண்டு எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிவிட்டால் வெந்நீரில் போட்டெடுத்துத் திருகுவது போலத்தான். 8 மி.மீ. இரும்பை 300 டிகிரி சூடேற்றினால் விட்டம் கிட்டத்தட்ட 0.03 மி.மீ. விரிகிறது, விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி உடைகிறது. ஆனால் வண்டியில் மாட்டியிருக்கும் காலிப்பருக்கு நெருப்புக் காட்டக்கூடாது. ஓரிரு அங்குலத்தில் பூட் ரப்பர், பிஸ்டன் சீல், பிரேக் ஹோஸ். பிரேக் ஆயிலும் எரியும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வகைகள் உண்டு. அதை அடித்த இடத்தில் நெருப்பையோ வெல்டிங் தீயையோ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகிறது. கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரலைக் கெடுத்துவிடும். சூடு காட்டப்போகும் வேலையில் சோப்புத் தண்ணீரும் துணியும் மட்டும் போதும். கிளீனர் டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

பின்னும் கூடச் சுற்றியது

மறுநாள் காலை, 12 மி.மீ. தலைக்கு 11 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டைத் தட்டி ஏற்றப் பார்த்தோம். ஏறவில்லை, இரண்டு பட்டை இன்னும் நல்ல அளவில் இருந்து முட்டியது. அப்போது கைகொடுத்தது 7/16 அங்குல டிராக்டர் சாக்கெட். அது 11.1 மி.மீ.; அந்தப் பத்தில் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் நான்கு அடியில் ஏறி உட்கார்ந்தது. தலையை உருட்டுகிற அங்குலப் பெட்டியே தலையை மீட்கவும் உதவுகிறது என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், மி.மீ. கருவிகளோடு கலக்காமல் தனியாக வைத்தால் போதும்.

ரேச்சட்டை வைத்து மெதுவாக அழுத்தினால் போல்ட் நகர்ந்தது. கால் சுற்று, அரைச் சுற்று. ஆனால் தலைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விழவே இல்லை. போல்ட்டோடு கைடு பின்னும் சேர்ந்து பிராக்கெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பூட் ரப்பர் துணி பிழிவதைப் போல முறுக்கியதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பின்னின் 17 மி.மீ. பட்டையில் மெல்லிய ஓப்பன் ஸ்பேனர் கொடுத்துப் பிடித்துக்கொண்டுதான் போல்ட்டைத் திருக வேண்டும். காலிப்பரின் காதுக்கும் பூட்டுக்கும் நடுவே இடம் குறைவு. சாதாரணக் கனமுள்ள ஸ்பேனர் நுழையாது. சைக்கிள் கோன் ஸ்பேனர் மாதிரி மெலிந்ததோ, கிரைண்டரில் ராவி மெலிய வைத்ததோ வேண்டும். முன்பு யாரோ அங்கே கனமான ஸ்பேனரை நுனியில் மட்டும் வைத்துப் பிடித்திருக்க வேண்டும். பின்னின் பட்டையும் உருண்டிருந்தது. லாக்கிங் ப்ளையர் போட்டுப் பார்த்தோம். பல் பதிய இடமில்லை. ரேச்சட்டை இன்னொரு முறை அழுத்தியதும் 7/16 சாக்கெட்டும் வழுக்கி, மிச்சமிருந்த இரண்டு பட்டையையும் கூம்பாக்கிவிட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலும் ஆத்திரத்தில் உளியை எடுப்பார்கள். தலை முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட்டுக்கு உளி நல்ல வழிதான்: ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, இடஞ்சுழித் திசையில் சாய்த்து அடித்தால் பிடிவாதமான போல்ட்டும் நகரும். இங்கே பின் சுற்றிக்கொண்டே இருப்பதால் உளி அடி வீண். முதலில் பின்னைப் பிடிக்க வேண்டும், அதற்கு அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

மேல் போல்ட் ஏற்கெனவே இல்லை. அதனால் காலிப்பரை மேலிருந்து கொஞ்சம் சாய்த்து, பக்கவாட்டில் உட்புறமாக இழுத்தால் கீழ் கைடு பின் பிராக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு காலிப்பரோடேயே வந்துவிடும். டிஸ்க் ஓரத்தில் துரு வரம்பு கட்டியிருந்தால் பேட் அதில் மாட்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரைப் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கொடுத்துப் பிஸ்டனை இரண்டு மி.மீ. உள்ளே தள்ளிய பிறகு வந்தது. தள்ளும்போது பிரேக் ஆயில் டேங்க் நிரம்பி வழிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது பெயின்ட்டை அரித்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உருவி வந்த பின்னில் பழைய கிரீஸ் கெட்டிப்பட்ட வெல்லப்பாகு போல இருந்தது. பூட் ரப்பர் ஊறிய மொச்சை மாதிரி உப்பி, வாய் அகன்று தொளதொளத்துப் போயிருந்தது. யாரோ சாதாரண சேசிஸ் கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். பிரேக் ரப்பர்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் எது பட்டாலும் உப்பிவிடும். உப்பிய பூட்டின் வாய் வழியாகத்தான் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஊடுருவும் எண்ணெய் அடித்ததும் இதே பாதிப்பைத் தரும். ஆகவே இந்த வேலையில் பூட் ரப்பரை மாற்றியே ஆக வேண்டும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டு வைத்து வெல்டிங்

பிரேக் ஹோஸைக் காலிப்பரோடு பிணைக்கும் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றி ஹோஸைப் பிரித்து, நுனியில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். ஹோஸை வெறும் ப்ளையரால் நசுக்கி அடைக்கக்கூடாது. உள் அடுக்கு கிழிந்துவிடும். காலிப்பரில் இருந்த ஆயிலைக் கவிழ்த்து வடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனோம். நாகையிலும் திருவாரூரிலும் அறுவடை இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் வேலை செய்கிற பட்டறைகளில் இது தினசரி நடக்கிற காரியம். சம்பா அறுவடைக் காலத்தில் மட்டும் காத்திருக்க வேண்டும்.

கைடு பின்னைப் பெஞ்ச் வைஸின் தாடையிலேயே நேரடியாக இறுக்கினோம். பின்னில் பல் பதியும், பின் வீணாகும். பரவாயில்லை, பின், பூட், போல்ட் மூன்றும் ரிப்பேர் கிட்டாகக் கிடைப்பவை. காப்பாற்ற வேண்டியது காலிப்பரின் காதை. எந்தப் பாகத்தைப் பலி கொடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வேலைக்கு முன்பே பிரித்து வைத்துக்கொண்டால் பாதி பதற்றம் போய்விடும்.

வைஸில் பிடித்ததும் கிரைண்டரால் தலையை அறுத்துத் தள்ளினால் முடிந்துவிடும் என்று தோன்றும். உண்மைதான், ஆனால் தலை காதோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கட்டிங் வீல் ஒரு நொடி சாய்ந்தால் காதின் முகத்தில் வெட்டு விழும். புது போல்ட்டின் தலை சமமாக உட்காராது. வெல்டிங் அந்த அபாயம் இல்லாதது, கூடவே சூட்டையும் மரைக்கே அனுப்புகிறது.

செய்த விதம். உருண்ட தலையின் மேல்முகத்தை அரத்தால் ராவிப் பளபளப்பாக்கினோம். எம்10 நட்டு ஒன்றின் துத்தநாகப் பூச்சை முழுதும் கிரைண்டரில் எடுத்தோம். பூச்சோடு வைத்தால் வெள்ளைப் புகை வரும், அது காய்ச்சலை உண்டாக்கும், வெல்டும் பிடிக்காது. எம்8 போல்ட்டுக்கு எம்10 நட்டு ஏனென்றால் துளை பெரிதாக இருந்தால்தான் ராடின் நுனி அடியில் இருக்கும் தலையைத் தொடும். சிறிய நட்டு வைத்தால் வெல்ட் நட்டின் உள்சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, திருகியதும் நட்டு மட்டும் பெயர்ந்து வரும். எர்த் கிளாம்ப் வைஸில். காலிப்பரின் உடம்பைச் சுற்றி ஈரச் சாக்கு. 2.5 மி.மீ. 6013 ராடு, 80 ஆம்பியர். துளையின் நடுவில் தலையின் மேல் ஆர்க் பற்றவைத்து, அங்கே குளம் கட்டிய பிறகுதான் சுவரை நோக்கிச் சுற்றி மேலேற்ற வேண்டும். ஐந்தாறு நொடியில் துளை நிறைந்துவிடும்.

சிவப்பு அடங்கும்வரை கை வைக்கவில்லை. சிவந்த நிலையில் இரும்பு மெத்தென்று இருக்கும், திருகினால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சுமார் இரண்டு நிமிடம் கழித்து, கசடைத் தட்டிவிட்டு, காதுக் கோட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டோம். சுரீரென்று புகைந்து உள்ளே இழுத்துக்கொண்டது. 17 மி.மீ. ரிங் ஸ்பேனரை நட்டில் போட்டு முதலில் இறுகும் திசையில் ஒரு சின்ன அழுத்தம். பிறகு கழலும் திசை. 'டிக்' என்று ஒரு ஒலி, ஸ்பேனர் நூலளவு நகர்ந்தது. அங்கேயே உற்சாகத்தில் இழுத்துவிடக்கூடாது. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, எண்ணெய், மறுபடி கால் சுற்று. உடைந்த துருப்பொடி மரைக்குள்ளேயே அரைபட்டுத் திரும்பவும் இறுக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த முன்னும் பின்னும். நான்காவது சுற்றுக்குப் பின் கையாலேயே வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் தலைக்கு அடுத்த நான்கு மரை செங்கல்பொடி நிறத்தில் அரித்திருந்தது. அதற்கு உள்ளே இருந்த மரையெல்லாம் புதுசு மாதிரிக் கறுத்து மின்னியது. தலையின் கீழே இறங்கிய தண்ணீரின் வேலை அவ்வளவும்.

வண்டியில் மாட்டியபடியே எங்காவது வெல்ட் செய்யத்தான் வேண்டுமென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பைப் போல்ட்டுக்கு மிக அருகில் போட வேண்டும். தூரத்தில் போட்டால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் பந்துகளைப் பொறித்துவிடும்.

வெல்டிங் வசதி இல்லாத இடத்தில்

தலையை டிரில் செய்து எடுக்கலாம். முழு வேலையும் சென்டர் பஞ்சில்தான் இருக்கிறது. தலையின் முகத்தைச் சமமாக ராவி, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து ஆழமாகக் குத்த வேண்டும். 3 மி.மீ. பிட், பிறகு 5, பிறகு 8. எம்8 தலையின் உயரம் ஐந்தேகால் மி.மீ. அளவுதான், பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. பிட் தலையைத் தாண்டும் நேரம் தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்றும். அதோடு இழுவிசை போய்விடுவதால் காலிப்பர் தானாக விடுபடும். மிஞ்சிய தண்டை லாக்கிங் ப்ளையரால் பிடித்துச் சுற்றிவிடலாம். வேகம் குறைவாக வேண்டும்: 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 1500 சுற்று அளவு, 8 மி.மீ. பிட்டுக்கு 500 முதல் 600. சீவல் சுருளாக வந்தால் சரி. தூளாக வந்து பிட் நீலம் பாரித்தால் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ வலிமை எண் அச்சிட்டிருந்தால் சாதாரண பிட் சீக்கிரம் மழுங்கும். 5 சதவீதம் கோபால்ட் உள்ள எம்35 பிட் வாங்குவது மிச்சம்.

ஈஸி அவுட் என்கிற கூம்பு எக்ஸ்ட்ராக்டரை எம்8 அளவுக்கும் அதற்குக் கீழும் பரிந்துரைக்க மாட்டோம். அது கெட்டியான, ஆனால் நொறுங்கும் எஃகு. துளைத்த போல்ட்டுக்குள் இறங்க இறங்கச் சுவரை வெளிப்பக்கம் விரித்து மரையை இன்னும் நெருக்குகிறது. உள்ளே முறிந்துவிட்டால் எந்த பிட்டும் அதில் இறங்காது. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் ஈரோஷன் மெஷின் உள்ள இடத்துக்குப் பாகத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். போல்ட் தலையின் வெளிப்பக்கம் பிடிக்கிற, உள்ளே சுருள் பல் வைத்த எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் வேறு ரகம். அது நல்ல கருவி. ஆனால் அதன் சுவர் கனம், காலிப்பர் உடம்பில் முட்டும். இன்ஜின் ஆயில் வடிக்கும் பிளக்கின் தலை உருண்டிருந்தால் அதுதான் முதல் தேர்வு. எண்ணெய் நிற்கிற சம்ப்பின் அருகே வெல்டிங்கை நினைக்கவே கூடாது.

வலது பக்கம்

அங்கேயும் கீழ் போல்ட் இறுகித்தான் இருந்தது, தலை மட்டும் முழுசாக இருந்தது. முந்தின நாள் மாலையே சுரண்டி, எண்ணெய் விட்டு, மூன்று தவணை தட்டி வைத்திருந்தோம். மெலிந்த 17 மி.மீ. ஸ்பேனரால் பின்னைப் பிடித்து, 12 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டை நேராக உட்கார வைத்து, முதலில் இறுகும் பக்கம் ஒரு அழுத்தம், பிறகு கழலும் பக்கம். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. இடது பக்கம் ஒன்றரை நாள் எடுத்ததும் இதே துருதான்.

மாட்டும்போது

பிராக்கெட்டின் பின் துளையைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அடியில் தங்கிய துருக் களிம்பைச் சுரண்டி எடுத்தோம். புதுப் பின்னுக்கு சிலிகான் பிரேக் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். அதிகம் அப்பினால் துளையின் அடியில் கிரீஸ் அடைத்து, பின் முழுதும் உள்ளே போகாது. மேல் பின்னும் கீழ் பின்னும் பல வண்டிகளில் ஒன்றல்ல, ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும். மாற்றிப் போட்டால் காலிப்பர் இழுத்துப் பிடிக்கும். பூட்டின் உதடு இரண்டு பக்கக் குழியிலும் உட்கார்ந்த பின், ஓரத்தை லேசாகத் தூக்கி உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

காலிப்பர் காதின் துளையை வட்ட அரத்தால் இரண்டு சுற்றுத் துடைத்து, உப்புத் துருவைத் தட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்தோம். போல்ட் இரண்டும் புதுசு. மரையில் கிரீஸ் தடவவில்லை. தடவினால் அதே டார்க் (முறுக்கும் விசை) அளவில் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும். நீல நிற மிதமான திரெட் லாக்கர் (மரைப் பசை) இரண்டு சொட்டு விட்டோம். அது மரையின் இடைவெளியை நிரப்புவதால் தண்ணீர் இறங்கவும் வழியில்லை. சிவப்பு நிறத்தது வேண்டாம். அதை இளக்க 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டியிருக்கும், மறுபடி இதே கதை. டார்க் அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே வையுங்கள். எம்8 கைடு பின் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். வீல் நட் இறுக்குகிற கையோடு இதை இறுக்கினால் கழுத்து இழுபட்டுவிடும்.

பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர். பழசை ஒருபோதும் திரும்பப் போடக்கூடாது. பிறகு பிரேக் லைனிலிருந்து காற்று எடுப்பது, டேங்கில் ஆயில் அளவு, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கல்லாகும்வரை மிதிப்பது.

கடைசியாக, இறுக்கிய நான்கு போல்ட் தலையிலும் தலையிலிருந்து காது வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரத்தைக் கழற்றாமலே டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு நேராக நிற்கிறதா, உடைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான்கும் நேராக நின்றன. சக்கரத்தைக் கழுவ இனி போர்வெல் தண்ணீர் இல்லை. இரண்டு வாளி குடிநீர்க் குழாய்த் தண்ணீர் நான்கு சக்கரத்துக்கும் போதும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் புரட்டாசியிலேயே நான்கு பின்னையும் உருவி, துடைத்து, சிலிகான் கிரீஸ் மாற்ற வேண்டும். அதற்கான மெலிந்த 17 மி.மீ. ஸ்பேனரை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறது.